லாரிகளில் தானியங்கி அவசர பிரேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய லாரிகளில் ஏஇபி எனப்படும் தானியங்கி அவசர பிரேக் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஆனால் சாவியைக் கையில் கொடுக்கும்போது அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுபவர்கள் குறைவு. ஓட்டுபவர்கள், வண்டி உரிமையாளர்கள், பணிமனைக்காரர்கள் மூவருக்கும் எழும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். கார் அல்ல, கனரக வண்டிதான் பேச்சு.

ஏஇபி சரியாக என்ன செய்கிறது?

முன்னால் இருக்கும் வண்டியை நோக்கி ஆபத்தான வேகத்தில் நெருங்குகிறீர்கள், ஆனால் நீங்கள் பிரேக்கைத் தொடவில்லை என்று தெரிந்தால், வண்டி தானே பிரேக் பிடிக்கும். இதற்காக முன் பம்பரில் ஒரு ரேடார் இருக்கும். பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்வது. பல வண்டிகளில் முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் உண்டு. முன்னால் இருப்பது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதை ரேடார் அளக்கும். அது வண்டியா, ஆளா, பாலமா என்று பிரித்துப் பார்க்கக் கேமரா உதவும். இரண்டையும் வைத்து "இப்படியே போனால் இன்னும் எத்தனை வினாடியில் மோதும்" என்ற கணக்கைக் கணினி இடைவிடாமல் போட்டுக்கொண்டே இருக்கும்.

வழக்கமாக மூன்று படிகள். முதலில் ஒலியும் விளக்கும். அடுத்து லேசாக ஒரு பிரேக் இழுப்பு, உடம்பில் உறைக்கிற மாதிரி. அதற்கும் அசையவில்லை என்றால் முழு பிரேக்.

மெர்சிடிஸ் பென்ஸ் தன் ஆக்ட்ரோஸ் லாரியில் 2006-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 நவம்பர் முதல், சில விதிவிலக்குகள் தவிர, புதிதாக வரும் கனரக லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் கட்டாயம்.

அப்படியானால் இனி முன்னால் மோதவே மாட்டேனா?

மோதலாம். இந்த ஒரு பதிலை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் போதும்.

ஐ.நா.வின் 131-ஆம் எண் விதிமுறைதான் பல நாடுகளில் கனரக வண்டிகளின் ஏஇபிக்கு அடிப்படை. அதன் இரண்டாம் கட்டச் சோதனை, 2018 நவம்பரில் ஐரோப்பாவின் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் வந்தது, என்ன கேட்டது தெரியுமா? மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் கனரக லாரி, நின்றுகொண்டிருக்கும் வண்டியை எதிர்கொள்ளும்போது, மோதுவதற்குள் குறைந்தது 20 கி.மீ. வேகத்தைக் குறைத்தால் தேர்ச்சி. அதாவது 60-இல் போய் இடித்தாலும் தேர்ச்சிதான். மெதுவாக, 12 கி.மீ. வேகத்தில் நகரும் வண்டியை மட்டும் இடிக்காமல் தப்ப வேண்டும். பிறகு வந்த திருத்தங்கள் இதை நன்றாகவே கடுமையாக்கிவிட்டன. நல்ல நிறுவனங்கள் சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே செய்துவந்தன. உலர்ந்த சாலையில் 80-லிருந்து முழுதாக நிற்கும் வண்டிகளும் உண்டு. ஆனால் உங்கள் கையில் இருப்பது எந்த வருடத்து வண்டி, எந்தத் தலைமுறை அமைப்பு என்பது தெரியாமல் "நம்ம வண்டியில் ஏஇபி இருக்கு" என்று சொல்வதில் பொருளில்லை.

இடித்தாலும் பயன் இல்லாமல் இல்லை. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 80-இல் மோத இருந்தது 40-இல் மோதினால், ஆற்றலில் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. கேபினுக்குள் இருப்பவரும் முன்னால் காரில் இருப்பவரும் உயிர் பிழைப்பது பெரும்பாலும் அந்த வித்தியாசத்தில்தான்.

காரில் இருப்பதும் இதுவும் ஒன்றுதானா?

பார்க்கும் கண் கிட்டத்தட்ட ஒன்று. பிடிக்கும் பிரேக் வேறு.

காரில் எண்ணெய் அழுத்தம், மிதித்த உடனே பிடிக்கும். லாரியில் காற்று. டேங்கிலிருந்து கிளம்பி, குழாய் வழியாகப் போய், கடைசி அச்சின் சேம்பரை (காற்றறையை) நிரப்பி, சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் ஷூவைத் தள்ள ஏறக்குறைய அரை வினாடி ஆகும். 80 கி.மீ. வேகத்தில் அரை வினாடி என்றால் 11 மீட்டர். கணினி எவ்வளவு சுறுசுறுப்பாக முடிவெடுத்தாலும் இந்த 11 மீட்டரை மிச்சம் பிடிக்க முடியாது.

அப்புறம் எடை. காலி வண்டிக்கும் முழு லோடுக்கும் நடுவே சில மடங்கு வித்தியாசம் வரும். டிரெய்லர் ஒன்று பின்னால் இருக்கும். அதன் பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்பது முன்னால் இருக்கும் ரேடாருக்குத் தெரியாது.

ஏஇபி புதிதாக ஒரு பிரேக்கைக் கொண்டுவருவதில்லை என்பதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் வைத்திருக்கும் அதே பிரேக்கை, அதே டயரை, அதே லைனிங்கைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது. லைனிங் (ஷூவின் உராய்வுப் பட்டை) தேய்ந்து, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்து, டயர் மொட்டையாக இருந்தால், உங்கள் கால் மிதித்தாலும் நிற்காது, கணினி மிதித்தாலும் நிற்காது.

ஏஇபி இருப்பதால் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாமா?

கூடாது. கணக்கைப் பாருங்கள். 80 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 22 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி, 33 மீட்டர். காற்று ஏற அரை வினாடி, 11 மீட்டர். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக்கோடு வினாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் நிற்க இன்னும் 49 மீட்டர். மொத்தம் 93 மீட்டர். ஈரச் சாலையில் அந்த 5 என்பது 3 ஆகிவிட்டால், கடைசி 49 மட்டும் 82 ஆகிவிடும்.

ஜெர்மனியில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் அதிவேகச் சாலையில் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் குறைந்தது 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் உரிமத்துக்கான பாடம் வேறு மாதிரி சொல்கிறது: வண்டியின் நீளத்தில் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு வினாடி, வேகம் மணிக்கு 40 மைலைத் தாண்டினால் கூட ஒன்று. 60 அடி நீள வண்டிக்கு 7 வினாடி. என் கருத்தில் இரண்டாவதுதான் நல்ல பழக்கம். முதலாவது தண்டனைக்குத் தப்பும் அளவு.

நெரிசலில் 7 வினாடி விட்டால் நடுவில் ஒரு கார் நுழையும் என்பார்கள். நுழையட்டும். மீண்டும் கொஞ்சம் பின்வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் இழப்பது சில வினாடிகள்தான்.

எச்சரிக்கை ஒலி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பிரேக்கை முழுதாக மிதியுங்கள், மிதித்தபடியே இருங்கள். "அதுதான் பிடிக்கிறதே" என்று காலை எடுக்க வேண்டாம். மேலே சொன்ன விதிமுறையின் இரண்டாம் கட்டப்படி, முழு பிரேக் தொடங்குவதற்குக் குறைந்தது 1.4 வினாடி முன்பே ஒலி, அதிர்வு போன்ற ஏதாவது ஒரு எச்சரிக்கை வந்தாக வேண்டும். அந்த 1.4 வினாடி உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது. அதில் நீங்களே மிதித்துவிட்டால் 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் லாபம்.

அடுத்தது, பலரும் கேள்விப்படாத விஷயம். இந்த அமைப்பில் கடைசி அதிகாரம் ஓட்டுபவருக்குத்தான். நீங்கள் வேண்டுமென்றே ஏதாவது செய்தால், அது விலகிக்கொள்ளும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்துவது, இண்டிகேட்டர் போடுவது, ஸ்டீயரிங்கைச் சட்டென்று திருப்புவது இவையெல்லாம் வண்டியைப் பொறுத்து "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற அர்த்தமாகிவிடும். பதற்றத்தில் கால் தவறி ஆக்சிலரேட்டரில் விழுந்தால் கணினி பிரேக்கை விட்டுவிடக்கூடும். உங்கள் வண்டியில் எதெல்லாம் ரத்து செய்யும் என்பது கையேட்டில் ஒரு பக்கத்துக்குள் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

திருப்பித் தப்பலாமா? லோடு ஏற்றிய வண்டியை வேகத்தில் சட்டென்று வளைத்தால் கவிழும் ஆபத்து பெரிது. நேராக நிறுத்துவதே பெரும்பாலும் சரி.

குரூஸில் இடைவெளி பிடிப்பதும் ஏஇபியும் ஒன்றா?

இல்லை. ஒரே ரேடார், இரண்டு வேலை. முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ் ஓட்டுபவரின் வசதிக்காக. அது மெதுவாகத்தான் பிரேக் பிடிக்கும். அதை நீங்கள் போட்டால்தான் இயங்கும். ஏஇபி குரூஸ் போட்டாலும் போடாவிட்டாலும் விழித்திருக்கும், ஆனால் கடைசி நொடியில்தான் கை நீட்டும். குரூஸ் பிடித்துத் தரும் இடைவெளியைக் குறைந்தபட்ச அளவில் வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. அதை அதிகபட்ச அளவில் வைப்பதுதான் நல்லது.

எதையெல்லாம் இது பார்க்காமல் விடும்?

பட்டியல் நீளம். வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும் பொதுவாகச் சில:

நின்றுகொண்டிருக்கும் பொருள்கள். ரேடாருக்கு அசையாத இரும்பு சாலையெங்கும் தெரியும்: கம்பம், பலகை, தடுப்புக் கம்பி, பாலம். எல்லாவற்றுக்கும் பிரேக் பிடித்தால் வண்டி ஓடாது. அதனால் பழைய அமைப்புகள் அசையாதவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். முதலில் நகர்ந்து பிறகு நின்ற வண்டியை மட்டும் கணக்கில் வைத்திருக்கும். நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்கும் வண்டியின் பின்னால் போய் இடிப்பதுதான் மிகக் கொடுமையான விபத்து வகை. அதே இடத்தில்தான் பழைய ஏஇபி பலவீனம்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சரக்கு. முன்வண்டியில் கம்பியோ மரத்துண்டோ இரண்டு மீட்டர் பின்னால் நீண்டிருந்தால், ரேடார் அளப்பது பெரும்பாலும் வண்டியின் உடலை, கம்பியின் நுனியை அல்ல. அந்த இரண்டு மீட்டர் உங்கள் கேபினுக்குள் வரும். இப்படிப்பட்ட வண்டியைக் கண்டால் ஏஇபியை மறந்துவிட்டு விலகிப் போங்கள்.

குறுக்கே வருபவை, எதிரே வருபவை. சந்திப்பில் பக்கவாட்டிலிருந்து நுழையும் வண்டி, சாலைக்குக் குறுக்கே திரும்பிக்கொண்டிருக்கும் டிரெய்லர், தவறான பக்கத்தில் எதிரே வரும் வண்டி ஆகியவற்றுக்குப் பல அமைப்புகள் வேலை செய்யாது.

இருசக்கர வண்டி ரேடாருக்குச் சிறிய உருவம். தடத்தின் ஓரத்தில் போனால் தாமதமாகப் பிடிபடும். விலங்குகளை நம்பவே வேண்டாம். நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் அடையாளம் காணும் வசதி எல்லா வண்டியிலும் கிடையாது.

கேபினுக்கு ஒட்டிய இடம். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது முன்னால் கடக்கும் ஆள், இடதோ வலதோ திரும்பும்போது பக்கத்தில் வரும் சைக்கிள், இவை ஏஇபியின் வேலை அல்ல. சில அமைப்புகள் மணிக்கு 15 கி.மீ. வேகத்துக்குக் கீழே விழிப்பதே இல்லை. இதற்கென்று தனி உணரிகள் உண்டு. இருந்தாலும் கண்ணாடிகளைப் பார்ப்பதை விட முடியாது.

ஒன்றுமே இல்லாமல் திடீரென்று பிரேக் பிடிக்கிறதே?

பிடிக்கும். வளைவில் வெளிப்பக்கம் நிறுத்தியிருக்கும் கார், சாலையில் போட்ட இரும்புத் தகடு, தாழ்வான பாலம், ஏற்றம் முடியும் இடத்தில் உயரே தெரியும் பலகை, முன்னால் போய் அடுத்த சாலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் வண்டியின் வால். இவை வழக்கமான சந்தேகப்புள்ளிகள். இவை எப்போதாவது வந்தால் அமைப்பின் இயல்பு. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், இடத்தையும் நேரத்தையும் குறித்து வைத்துப் பணிமனைக்குச் சொல்லுங்கள். வெவ்வேறு இடங்களில் அடிக்கடி வந்தால் ரேடார் கோணம் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

தவறாகப் பிடித்தால் அச்சமின்றிச் செய்ய வேண்டியது: முன்னால் சாலை காலி என்று உறுதியாகத் தெரிந்தால் ஆக்சிலரேட்டரை அழுத்தி விலக்குங்கள். உறுதியில்லை என்றால் விட்டுவிடுங்கள். பின்னால் வருபவரிடம் இடிபடுவது கெட்டது, ஆனால் இருக்கும் ஒன்றை இல்லை என்று நினைத்து ஏறிவிடுவது அதைவிடக் கெட்டது.

"எப்போதும் கத்துகிறது, அதனால் ஃபியூசைப் பிடுங்கிவிட்டேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. எரிச்சல் பொய்யில்லை, பெரும்பாலும் பழுதும் பொய்யில்லை. பழுதைச் சரிசெய்யாமல் திட்டினால் அடுத்த வாரம் ஸ்பீக்கர் மேல் டேப் ஒட்டியிருக்கும்.

மழை, மூடுபனி, எதிர்வெயில்?

மூடுபனியிலும் மழையிலும் ரேடார் ஓரளவு தாங்கும், கேமரா தடுமாறும். சூரியன் நேரே கண்ணில் அடிக்கும்போதும் அப்படியே. சேறும் உறைபனியும் ரேடார் மேல் படிந்தால் அதுவும் குருடு. பல வண்டிகள் இதை உணர்ந்து "உணரி மறைக்கப்பட்டுள்ளது" என்று டேஷ்போர்டில் காட்டும். சில வண்டிகள் தாமதமாகக் காட்டும்.

ஆனால் மழையில் உண்மையான சிக்கல் பார்வை அல்ல, பிடி. உலர்ந்த சாலைக்கு ஏற்ற கணக்கில் பிரேக் தொடங்கும் அமைப்பு ஈரச் சாலையில் நிற்கப் போதாது. சாலை வழுக்குகிறது என்பது கண்ணால் பார்க்கும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், அதற்குத் தெரியாது. வேகத்தைக் குறையுங்கள்.

மலைச் சரிவில்?

ஐந்து சதவீதச் சரிவு, பிரேக்கின் வலுவில் வினாடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் அளவைப் புவியீர்ப்புக்குக் கொடுத்துவிடும். மேலே 5 என்று வைத்த கணக்கு 4.5 ஆகிவிடுகிறது. இது சின்ன விஷயம். பெரிய விஷயம் சூடு. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து பிரேக் டிரம் பழுக்கக் காய்ந்திருந்தால், ஏஇபி கூப்பிடும் நேரத்தில் பிரேக் பிடிக்காது. சக்கர பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கோ ரிடார்டரோ போட்டு, கீழ் கியரில் இறங்கினால்தான் அவசரத்துக்கு மிச்சம் இருக்கும். இந்தப் பழக்கம் ஏஇபி வருவதற்கு முன்பே சொல்லிக்கொடுக்கப்பட்டதுதான். இப்போதும் அப்படியே பொருந்துகிறது.

திடீர் பிரேக்கில் சரக்கு என்ன ஆகும்?

நல்ல கேள்வி, குறைவாகக் கேட்கப்படும் கேள்வி. ஓட்டுபவர் மிதிக்கும்போது கூடவே லோடைப் பற்றிய நினைப்பு இருக்கும். பிரேக்கை மெல்ல மெல்ல ஏற்றுவார். கணினிக்கு அந்த இரக்கம் கிடையாது, முழுதாகப் பிடிக்கும். கட்டு தளர்ந்திருந்தால் சரக்கு நேராகக் கேபினை நோக்கி வரும்.

ஐரோப்பிய தரநிலையும் அமெரிக்க விதியும் இதில் ஒரே எண்ணைச் சொல்கின்றன: முன்பக்கம் நகராமல் இருக்க, சரக்கின் எடையில் 80 சதவீதத்துக்குச் சமமான விசையைக் கட்டுகள் தாங்க வேண்டும். பத்து டன் இரும்புச் சுருள் என்றால் எட்டு டன். பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் 50 சதவீதம். "கனமான பொருள், எங்கே நகரப் போகிறது" என்பது தவறான நம்பிக்கை. கனம் கூடினால் உராய்வு கூடும், தள்ளும் விசையும் அதே அளவு கூடும். முன்தடுப்புக்கும் சரக்குக்கும் நடுவே இடைவெளி விடாமல் அடுக்குங்கள். விட நேர்ந்தால் கட்டையோ கூடுதல் பெல்ட்டோ வேண்டும். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி பெல்ட்டை ஒருமுறை இறுக்குவதை வழக்கமாக்குங்கள். தார்பாய்க்குள் என்ன நடக்கிறது என்று ஓட்டும்போது தெரியாது.

டேங்கர் ஓட்டுபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பாதி நிரம்பிய டேங்கில் திரவம் முன்னால் பாய்ந்து, வண்டி நின்ற பிறகும் ஒருமுறை தள்ளும். நின்றுவிட்டது என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், வழுக்கும் தரையில் வண்டி முன்னே நகர்ந்துவிடும்.

கேபினில் இருப்பவர்களும் சரக்குதான் இந்தக் கணக்கில். பெல்ட் போடாத உதவியாளர், படுக்கையில் தூங்குபவர், டேஷ்போர்டின் மேல் வைத்த கனமான பொருள். படுக்கைக்கு வலையோ பட்டையோ இருந்தால் மாட்டுங்கள்.

டிரெய்லர் பழையது. பரவாயில்லையா?

இழுக்கும் வண்டி புதிதாக இருந்து டிரெய்லரில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யவில்லை என்றால், முழு பிரேக்கில் டிரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், பின்பகுதி பக்கவாட்டில் அலையும். டிரெய்லர் பிரேக் மந்தமாக இருந்தால் அது முன்வண்டியைத் தள்ளி மடக்கப் பார்க்கும். ஆகவே இணைக்கும்போது ஏபிஎஸ் கம்பியை மாட்டாமல் விடுவது, "விளக்கு எரிந்தால் எரியட்டும்" என்று போவது இரண்டும் ஏஇபி உள்ள வண்டியில் முன்னைவிட ஆபத்து.

பட்டனை எப்போது அணைக்கலாம்?

கையேடு சொல்லும் சந்தர்ப்பங்களில் மட்டும். பழுதான வண்டியை இழுத்துச் செல்லும்போது, பிரேக் சோதனை உருளைகளில் ஏற்றும்போது, கப்பலிலோ ரயிலிலோ ஏற்றும்போது, முன்பக்கம் பனி தள்ளும் கலப்பை போன்ற கருவி மாட்டி ரேடார் மறையும்போது, கட்டுமான இடங்களின் கரடுமுரடான பாதையில். வேலை முடிந்ததும் போட்டுவிடுங்கள். மறந்தாலும், மேலே சொன்ன ஐ.நா. விதிமுறைப்படியான வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டால் அது தானாகத் திரும்பிவிடும். ஆனால் நாள் முழுக்க இன்ஜினை அணைக்காமல் ஓட்டுபவர்களுக்கு அந்த வசதி கிடைக்காது.

தினமும் கிளம்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ரேடார் முகத்தையும் கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடியையும் துடைத்துவிடுங்கள். உயர்அழுத்தத் தண்ணீரை ரேடாரில் நேராக அடிக்க வேண்டாம். பம்பருக்கு முன்னால் கூடுதல் கம்பித் தடுப்பு, பெரிய விளக்கு, அலங்காரத் தோரணம் எதுவும் ரேடாரை மறைக்கக் கூடாது. கண்ணாடியில் ஸ்டிக்கர், தொங்கும் மாலை, கருப்புத் தாள் கேமராவின் பார்வையில் வரக் கூடாது. வண்டியை அழகுபடுத்தும் ஆசை புரிகிறது. ரேடார் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு அழகுபடுத்துங்கள்.

பிறகு வழக்கமானவை: காற்றழுத்தம் ஏறுகிறதா, கசிவு இருக்கிறதா, ஏர் டேங்கில் தண்ணீர் வடித்தாயிற்றா, டயர் எப்படி, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எதுவும் அணையாமல் நிற்கிறதா.

முன்கண்ணாடி மாற்றினால் அல்லது பம்பர் அடிபட்டால்?

அளவு திருத்தம், அதாவது கேலிப்ரேஷன், செய்யாமல் வண்டியை எடுக்க வேண்டாம். ரேடார் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 100 மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும். ஒரு தடத்தின் அகலம் ஏறக்குறைய 3.5 மீட்டர் என்றால், பாதித் தடம் தவறிவிட்டது. பக்கத்துத் தடத்து வண்டிக்குப் பிரேக் பிடிக்கும், உங்கள் தடத்து வண்டியை விட்டுவிடும். வாகன நிறுத்துமிடத்தில் மெதுவாக ஒரு தூணில் உரசினாலே இது நடக்கலாம். வெளியே கீறல்கூடத் தெரியாது.

கண்ணாடி மாற்றியது, பம்பரைக் கழற்றி மாட்டியது, வீல் அலைன்மென்ட் செய்தது, அச்சு நேர்செய்தது, சஸ்பென்ஷன் உயரத்தை மாற்றியது, டயர் அளவை மாற்றியது: இவற்றுக்குப் பிறகு கேலிப்ரேஷன் தேவையா என்று கேளுங்கள். பம்பரைப் பெயின்ட் அடிக்கும்போது ரேடார் மூடியின் மேலும் அடித்துவிடுவது பணிமனைகளில் சாதாரணமாக நடக்கும் தவறு. உலோகத்துகள் கலந்த பெயின்ட் ரேடார் அலையைத் தடுக்கும். செலவு மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வண்டியை ஓட்டலாமா?

விளக்கு எது என்பதைப் பொறுத்தது. ஏஇபி மட்டும் அணைந்திருந்தால், சாதாரண பிரேக் இருக்கிறது. இடைவெளியைக் கூட்டிக்கொண்டு ஓட்டி, சீக்கிரம் பணிமனைக்குப் போகலாம். ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கவனம் இரட்டிப்பு. பல வண்டிகளில் ஏபிஎஸ் பழுதானால் ஏஇபியும் கூடவே படுத்துவிடும். காற்றழுத்த எச்சரிக்கை வந்தால் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

பழைய லாரியில் பிறகு பொருத்த முடியுமா?

எச்சரிக்கை மட்டும் தரும் கருவிகளைப் பொருத்தலாம். பிரேக்கே பிடிக்கும் அமைப்புக்கு மின்னணு பிரேக் கட்டுப்பாடு வேண்டும். அது இல்லாத வண்டியில் வெளியில் வாங்கி மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரேக் குழாயில் யாரோ ஒரு வால்வைச் சொருகிவிட்டுப் போனால், அது தவறும் நாளில் பொறுப்பு ஏற்க ஆள் இருக்காது. எச்சரிக்கைக் கருவியும் நல்ல டயரும் நல்ல லைனிங்கும் சேர்ந்தாலே பழைய வண்டிக்குப் பெரிய முன்னேற்றம்.

ஏஇபி ஒருமுறை முழுதாகப் பிடித்துவிட்டது. அடுத்து என்ன?

பிரேக்கில் கால் இருக்கட்டும். நின்றபின் சில அமைப்புகள் கொஞ்ச நேரத்தில் பிரேக்கை விட்டுவிடும். அபாய விளக்கைப் போடுங்கள், கண்ணாடியில் பின்னால் பாருங்கள், பிறகு மெதுவாகப் பாதுகாப்பான இடத்துக்கு நகருங்கள். இறங்கி சரக்கின் கட்டு, டிரெய்லர் இணைப்பு, டயர் மூன்றையும் பாருங்கள். டயர் ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கலாம். படபடப்பு அடங்காமல் ஓட்ட வேண்டாம். அமைப்பு பிடித்தது சரியா தவறா என்பதை அப்போதே இரண்டு வரியில் எழுதி வையுங்கள். மறுநாள் நினைவு மாறிவிடும்.

உரிமையாளருக்கு ஏஇபி பதிவுகள் வருகின்றன. அவற்றை என்ன செய்வது?

ஒரே ஒரு முறை முழு பிரேக் விழுந்ததற்காக ஓட்டுநரைக் கூப்பிட்டு மிரட்டினால், அடுத்த மாதம் பதிவே வராது. கருவி அணைந்திருக்கும். தனி நிகழ்வை விட வரிசையைப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் இடைவெளி எச்சரிக்கை வாரம் முழுக்க வருகிறதா? அவருடைய பயண நேரத்தைப் பாருங்கள், ஓய்வு போதுகிறதா என்று கேளுங்கள். சேர வேண்டிய நேரத்தை நெருக்கிக் கொடுத்துவிட்டு இடைவெளி விடு என்று சொன்னால் அவர் எப்படி விடுவார்? எல்லா ஓட்டுநருக்கும் ஒரே வண்டியில் வருகிறதா? வண்டியைப் பணிமனைக்கு அனுப்புங்கள். ஒரே சாலைத் திருப்பத்தில் எல்லா வண்டிக்கும் வருகிறதா? அந்த இடத்தை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

புதிய ஓட்டுநருக்கு சாவி கொடுக்கும்போது மூன்று விஷயம் காட்டினால் போதும்: எச்சரிக்கை ஒலி எப்படி இருக்கும், எது அதை ரத்து செய்யும், பழுது விளக்கு எது. பத்து நிமிட வேலை. ஒரே நிறுவனத்தில் வெவ்வேறு தயாரிப்பு வண்டிகள் இருந்தால், வண்டி மாறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். ஒலியும் பட்டனும் வேறு வேறு இடத்தில் இருக்கும்.

வேலை செய்கிறதா என்று நானே சோதித்துப் பார்க்கலாமா?

சாலையில் கூடாது. முன்வண்டியை நோக்கி வேகமாகப் போய்ப் பார்ப்பது, அட்டைப்பெட்டியை வைத்துப் பார்ப்பது இரண்டும் வேண்டாம். அட்டைப்பெட்டியை ரேடார் பொருட்டாகவே மதிக்காமல் போகலாம், நீங்கள் அமைப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். சாவியைப் போடும்போது ஏஇபி விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள், பணிமனையில் கண்டறியும் கருவியை இணைத்துப் பழுதுக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முழுச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்றால், மூடிய தளத்தில், இதற்கென்று செய்த மென்மையான போலி வாகனத்தை வைத்து, தயாரிப்பு நிறுவனத்தின் ஆட்கள் செய்வார்கள்.